மண்ணில் விடுவது கிணற்றில் வரும்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை கிடைத்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றிக் கிணற்றடிக்கே வந்து நின்றன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடல்நீரேரியோடு கலந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கி நிற்கும் மழைநீரைத்தான் நாம் குடிக்கிறோம், பயிருக்கும் இறைக்கிறோம். ஆகவே சுற்றாடலைப் பேணுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் நிலத்தடி நீரைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதாகப் பரிசோதனையில் தெரியவந்தது. வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருக்கிறது. நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பால்மா கரைத்தால் போதுமா ஐயா? (இல்லத்தரசி, கொக்குவில்)

போதாது, அம்மா. கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் நைத்திரேற்று நீரில் கரைந்திருக்கும் ஓர் உப்பு. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. வீடுகளில் வைத்திருக்கும் சாதாரண வடிகட்டிகளும் அதை அகற்றுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஆகும். உங்கள் அறிக்கையில் அது 'நைத்திரேற்று-நைதரசன்' என்று குறிக்கப்பட்டிருந்தால் அதே எல்லை ஏறத்தாழ 11 மில்லிகிராம் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இந்த வேறுபாடு தெரியாமல், எல்லையைத் தாண்டிய நீரை நல்ல நீர் என்று எண்ணிக் குடித்துவந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைக் காவிச்செல்லும் ஆற்றலைக் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம்பாரிக்கக் கண்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தாய்ப்பாலே மிகவும் பாதுகாப்பானது. பால்மா கொடுத்தே ஆகவேண்டுமானால், பரிசோதித்து எல்லைக்குள் இருப்பதாக உறுதிசெய்யப்பட்ட வேறொரு நீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள்.

இந்த நைத்திரேற்று எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். தோட்டங்கள் குறைந்த உங்கள் பகுதியில் முதல் சந்தேகம் மலசலகூடக் குழிமீதுதான் விழும். பாட்டனார் காலத்தில் ஒரு வீடும் ஒரு கிணறும் இருந்த வளவு, பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிந்து பிரிந்து இரண்டு பரப்பாகவும் ஒரு பரப்பாகவும் (ஒரு பரப்பு என்பது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) சுருங்கிய பிறகு, ஒருவரின் குழிக்கும் மற்றவரின் கிணற்றுக்கும் இடையே இருக்கவேண்டிய 50 அடி இடைவெளி கிடைப்பதேயில்லை. வெடிப்புள்ள கல்லில் அந்த 50 அடியும் உத்தரவாதம் ஆகாது. அடியிலும் பக்கத்திலும் கசியாதபடி கட்டிய தொட்டியை அமைத்து, நிரம்பும்போது உள்ளூராட்சி மன்றத்தின் கழிவகற்றும் பவுசரை அழைப்பதே இதற்கான வழி. செலவு கூடியதுதான், ஆனால் வேலியின் இருபுறத்தாரும் சேர்ந்து செய்தாலொழிய உங்கள் கிணறு சுத்தமாகாது என்பதால், அயலவர்களோடு பேசுவதையே முதல் வேலையாகக் கொள்ளுங்கள்.

வெங்காயத்துக்கு யூரியாவைக் குறைத்தால் விளைச்சல் விழுந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது. 2021 இல் பட்டது போதும். (விவசாயி, புன்னாலைக்கட்டுவன்)

உங்கள் அச்சம் நியாயமானது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அறிவித்தலில் நிறுத்தி, நவம்பரில் அம்முடிவைக் கைவிட்டபோது இடையில் நொந்தவர்கள் விவசாயிகளே. அப்படியொரு பாய்ச்சலை நான் கேட்கவில்லை. பயிர் எடுக்காமல் விடும் பங்கை மட்டும் குறைத்துப் பாருங்கள் என்கிறேன்.

நைத்திரேற்றைக் களிமண் பிடித்துவைப்பதில்லை. இறைக்கும் நீரோடு அது கீழே இறங்கிவிடும், நம் செம்மண்ணுக்குக் கீழே இருப்பதோ வெடித்த கல். ஆகவே எவ்வளவு இடுகிறோம் என்பதைப் போலவே எப்போது இடுகிறோம், அதன்பின் எவ்வளவு இறைக்கிறோம் என்பனவும் முக்கியம். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். மழை இருண்டு வரும் நாளில் இடவே வேண்டாம். இட்ட பின் பாத்தி ததும்ப நீர் விடாதீர்கள்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். உங்கள் கிணற்று நீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கிறது என்று வைப்போம். ஒரு பரப்புக்கு ஓரங்குல உயரம் நீர் இறைத்தால் அது ஏறக்குறைய 6,400 லீற்றர். அந்த நீரோடு போகும் நைதரசன் சுமார் 160 கிராம் யூரியாவுக்குச் சமம். 20 இறைப்புகளில் அது 3 கிலோவைத் தாண்டும். அதில் ஒரு பகுதி மீண்டும் கீழே இறங்கிவிடும் என்றாலும், மற்றப் பகுதி பயிருக்குச் சேரும். காசு கொடுத்து வாங்கிய பசளை கிணற்றுக்குள் கிடக்க, அதைக் கணக்கில் எடுக்காமல் மீண்டும் மூட்டை வாங்குகிறோம். நீரையும் மண்ணையும் பரிசோதித்து, அறிக்கையை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி அளவைத் தீர்மானியுங்கள். முதற் போகத்தில் ஒரு பரப்பில் மட்டும் செய்து பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க மற்றப் பரப்புகள் பக்கத்திலேயே இருக்கும்.

பச்சை இலைகளை மண்ணில் புதைத்துப் பசளையாக்கும் குழை தாழ்ப்பதை நம்மவர்கள் மெல்லக் கைவிட்டுவிட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பூவரசங்குழையும் கிளிசிறிடியாவும் வேலியிலேயே கிடைப்பவை. அவை பசளையாவது மட்டுமன்றி மண்ணின் ஈரம்பிடிக்கும் தன்மையையும் வளர்க்கும். மாட்டெருவை மலைபோல் குவித்தாலும் நைத்திரேற்று உண்டாகும் என்பதையும் மறக்கவேண்டாம். சேதனப் பசளை, அதாவது இயற்கைப் பசளை என்பதற்காக அளவு தேவையில்லை என்று ஆகிவிடாது.

மோட்டார் பூட்டிய பிறகு வைகாசி, ஆனியில் கிணறு உவர்த்துப்போகிறது. மழைநீரைச் சேமிக்கலாமா? நுளம்பு பெருகாதா? (ஆசிரியை, வேலணை)

தீவில் நன்னீர், கடல்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழேயிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்பதை அதிலிருந்தே அறியலாம். நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை மாணவர்களுக்குச் சொல்லிக் காட்டுங்கள். உவர்த்த கிணற்றை ஆழமாக்குவது கடலைத் தேடிப் போவதாகும், அதைச் செய்யவேண்டாம். சிறிய மோட்டாரைப் பூட்டி, சிறிது நேரம் இறைத்து, ஊற விட்டு மீண்டும் இறையுங்கள்.

மழைநீரைத் தயங்காமல் சேமியுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 900 லீற்றருக்குமேல் விழும். சிந்தியது போக 700 லீற்றராவது தாங்கிக்கு வரும். நால்வர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் என்று கொண்டால், மார்கழியில் நிரம்பிய 5,000 லீற்றர்த் தாங்கி 250 நாள் வரும். ஐப்பசியின் முதல் மழைகளைக் கூரை கழுவ விட்டு, பீலியைத் துடைத்த பின்னரே தாங்கிக்குத் திருப்புங்கள். வாய்களுக்கெல்லாம் நுண்வலை கட்டி, ஒளி புகாமல் மூடினால் நுளம்பும் பாசியும் வராது, குடிப்பதற்குக் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள்.

வளவு கூட்டிய குப்பையோடு பொலித்தீனையும் சேர்த்து எரிப்பது வழக்கம். அது தவறா? (ஓய்வுபெற்ற அலுவலர், சுண்டுக்குளி)

தவறு மட்டுமல்ல, பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 முதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. சிலவகைப் பிளாஸ்டிக் எரியும்போது டயொக்சின் போன்ற நஞ்சுகள் வெளிவருகின்றன. சாம்பலில் மிஞ்சுவது அடுத்த மழையோடு மண்ணுக்குள் போகிறது. இலைச்சருகை எரிக்காமல் தென்னை, வாழையின் அடியில் பரப்புங்கள். பொலித்தீனைக் கழுவி உலர்த்தித் தனிச் சாக்கில் சேர்த்துவைத்துக் கொடுங்கள்.

கலியாண வீட்டில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்கிறார்கள். (மணமகளின் தந்தை, சங்கானை)

மூக்குப்பேணியில் (மூக்கு வைத்த குவளையில்) நீர் கொடுத்து, உதடு படாமல் அண்ணாந்து குடித்து, மரியாதை காத்த ஊர் இது. வாழையிலைப் பந்தியில் செம்பும் பேணியும் வைக்க ஆள் போதாது என்றால், நல்ல நீர் நிரப்பிய பெரிய கொள்கலன்களையும் கழுவக்கூடிய குவளைகளையும் வையுங்கள். குவளை கழுவ ஒருவரை நாட்கூலிக்கு அமர்த்துங்கள். தாம்பூலப் பைக்குப் பதிலாகச் சிறு பனையோலைப் பெட்டி கொடுத்தால், அந்தப் பணம் நம் ஊர்ப் பெண்களின் கைக்கே போகும். ஆனால் கடைசி வாரத்தில் கேட்டால் அவர்களால் பின்னித் தரமுடியாது, ஆகவே இரண்டு மாதம் முன்னரே சொல்லிவையுங்கள்.

வெறுங்காணியில் பார்த்தீனியம் என்ற களை பரவிவிட்டது. உப்புநீர் தெளித்தால் அழியுமாமே? (வாசகர், கோண்டாவில்)

உப்புக் கரைசல் அதைக் கருக்கும் என்பது உண்மையே. ஆனால் கிணறு உவர்க்கிறதே என்று கவலைப்படும் மண்ணில் உப்பை ஊற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பூக்கும் முன், மழை பெய்து நிலம் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கக்கூடியது. பூத்த செடியைக் கூட்டெருக் குழியில் இட்டால் அடுத்த ஆண்டு தோட்டம் முழுவதும் முளைக்கும். கையுறையும் முகக்கவசமும் நீண்ட கைச்சட்டையும் கட்டாயம். தோல் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் அந்த வேலைக்குப் போகவேண்டாம். மாரியில் ஒரு தடவை பிடுங்கி முடித்தாலும் விதைகள் மண்ணில் கிடக்கும் என்பதால், சில ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கவேண்டும்.

பாடசாலையில் 100 மரக்கன்றுகள் நட விரும்புகிறோம். எவற்றை நடலாம்? (மாணவர் தலைவர், பருத்தித்துறை)

நூறு வேண்டாம், பராமரிக்க முடிந்த 20 போதும். வேம்பு, இலுப்பை, நாவல் ஆகியவற்றை நிழல் வேண்டிய இடங்களிலும், பூவரசையும் கிளுவையையும் வேலியிலும் நடுங்கள். எல்லை ஓரமாகப் பனங்கொட்டைகளைப் புதையுங்கள். ஆவணியில் பழம் விழும்போது பொறுக்கி, மாரி தொடங்கும் முன் புதைத்துவிட்டால் அதன்பின் நீர் ஊற்றும் வேலை இல்லை. மற்றக் கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடைக்கும் நீர் வேண்டும். ஆகவே சித்திரை, ஆவணி விடுமுறைகளில் யார் எந்த நாளில் வந்து ஊற்றுவது என்ற பட்டியலை, குழி வெட்டுவதற்கு முன்பே அதிபரிடம் கொடுத்துவிடுங்கள்.