தாளிப்பு மட்டும் தனிப் பொட்டலமாக

கேள்வி: வணக்கம் அம்மா. என் மகன் நண்பர்களோடு உத்தராகண்ட் பக்கம் மலையேறப் போகிறான். ஆறு நாள் கூடாரத்தில்தான் இருக்க வேண்டுமாம். நூடுல்ஸையே தின்றுகொண்டிருந்தால் அவன் வயிறு கெட்டுவிடும். சாம்பார் சாதத்தை வற்றல் மாதிரி மாடியில் காயவைத்துக் கொடுத்தனுப்பலாமா? சுடுதண்ணீர் ஊற்றினால் திரும்பச் சாப்பாடாகி விடுமாமே?
- வாசகி, நெய்வேலி

பதில்: ஆகிவிடும். ஆனால் மாடி வேண்டாம்.

நான் ஏறிய உயரம் திருவந்திபுரம் ஔஷதகிரிப் படிகள் மட்டும்தான். என் தங்கை மகன்தான் வருடா வருடம் இமயமலைக்கு ஓடுகிறவன். அவனுக்குக் கட்டிக் கொடுத்துக் கொடுத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

வற்றலும் வடகமும் மாடியில் காய்ந்தும் கெடாமல் இருக்கக் காரணம் வெயில் மட்டுமில்லை. உப்பு தூக்கலாக இருக்கும், மோரோ எலுமிச்சையோ சேர்ந்திருக்கும், கடைசியில் கொதிக்கிற எண்ணெயில் பொரித்துத்தான் இலைக்கு வரும். மலையில் சாப்பிடுகிற சாதத்துக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது. சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. ஈரச் சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகி நஞ்சைக் கக்கும், அந்த நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. நம் கடலூர்க் காற்றோ சித்திரை வெயிலிலும் பிசுபிசுப்பது. நெய்வேலி கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தாலும் இதில் துணிய வேண்டாம்.

டீஹைட்ரேட்டர் என்று தட்டு அடுக்கிய மின்சாரப் பெட்டி விற்கிறது. 60 டிகிரியில் வைத்தால் சூடான காற்று ஓடிக்கொண்டே இருக்கும். வாங்க மனமில்லையென்றால் ஃபேன் உள்ள ஓடிஜி, அதாவது கேக் சுடுகிற சின்ன மின்சார அடுப்புப் பெட்டி, போதும். அது 60 வரை இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி வைத்தால் ஆவி வெளியேறும்.

சோற்றையும் சாம்பாரையும் கலக்காமல் தனித்தனியாகக் காயவையுங்கள். பொன்னி பச்சரிசியை உதிரியாக வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு அலசி, கஞ்சிப் பசையைப் போக்கி, தட்டில் மெல்லியதாகப் பரப்புங்கள். ஐந்தாறு மணி நேரத்தில் கல்லுக் கல்லாகக் கலகலக்கும். வெந்த சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான். முதுகில் சுமக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் இறங்கின பாரம்.

சாம்பாருக்குத் துவரம்பருப்பைக் குக்கரில் குழைய விட்டு மசித்துக்கொள்ளுங்கள். கேரட், பீன்ஸை மிளகளவு பொடியாக நறுக்குங்கள், பெரிய துண்டு ஊறவே ஊறாது. முருங்கைக்காய் வேண்டாம். புளி, உப்பு, சாம்பார்ப்பொடி போட்டுக் கெட்டியாகக் கொதிக்கவிட்டு, பட்டர் பேப்பரில் தோசையாகத் தடவிக் காயவையுங்கள். பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். முறுக்காக ஒடிகிற பதம் வந்ததும் மிக்ஸியில் ஒரு சுற்று.

இதில் ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம், தேங்காயும் வேண்டாம். எண்ணெய்க்குக் காய்ச்சல் என்பதே கிடையாது. பொடிக்குள் ஒளிந்திருந்து சிக்கு வாடை அடிக்கும். "தாளிக்காத சாம்பாரா?" என்று கேட்பீர்கள். கடுகு, பெருங்காயம், காய்ந்த மிளகாய், உலர்ந்த கறிவேப்பிலை ஒரு பொட்டலம், சின்ன பாட்டிலில் நெய். கூடாரத்தில் தாளித்துக் கொட்டட்டும். அந்த வாசனைக்குப் பக்கத்துக் கூடாரத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்களாம்.

அங்கே செய்வது எளிது. ஒரு பங்கு சாதம், அரைப் பங்கு பொடி, இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். பத்து நிமிடம் ஊறட்டும், ஒரு கொதி வந்ததும் அணைத்து மூடி, கம்பளித் தொப்பியைப் பாத்திரத்துக்குப் போட்டுக் கால் மணி நேரம் வைக்கட்டும். 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பச்சைப் பருப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முன்பே வெந்து காய்ந்ததற்கு அந்தக் கவலை இல்லை.

அப்புறம், கேஸ் குப்பியை இங்கிருந்து வாங்கிப் போக வேண்டாம். விமானத்திலும் ரயிலிலும் அனுமதி இல்லை. மலையடிவார ஊரில் வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: காய்கறிகளை டீஹைட்ரேட்டரில் காயவைத்து டப்பாவில் போட்டேன். மூன்றே வாரத்தில் நமத்து, ஓரத்தில் பூஞ்சை. எடுக்கும்போது நொறுங்கத்தான் செய்தது. எங்கே தப்பு? சிலிக்கா ஜெல் போட்டால் சரியாகுமா?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பூஞ்சை பூத்ததை அப்படியே கொட்டிவிடுங்கள். தட்டிவிட்டுச் சாப்பிடுகிற வேலை வேண்டாம்.

சூடாக இருக்கும்போது தொட்டால் சிலது மெத்தென்றிருக்கும், சிலது நொறுங்கும். ஆறிய பிறகு பார்ப்பதுதான் சரி. ஒரு தட்டிலேயே ஓரத்துத் துண்டு காய்ந்திருக்க, நடுத்துண்டில் ஈரம் மிச்சமிருக்கும். அதனால் ஆறியதும் கண்ணாடி ஜாடியில் முக்கால் வயிறு நிரப்பி மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். ஜாடியின் உள்பக்கம் வியர்த்தாலோ துண்டுகள் ஒட்டினாலோ மறுபடி பெட்டிக்குள். வியர்க்காமல் ஒரு வாரம் தாண்டினால்தான் பொட்டலம் கட்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் கட்டுவதாக இருந்தால் தட்டிலிருந்து எடுத்து ஆறியவுடனே ஜாடிக்குள் போய்விட வேண்டும். மேசையில் பரப்பிவிட்டு சீரியல் பார்க்கப் போனால் கடல் காற்று அதன் வேலையைக் காட்டிவிடும்.

சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சும். சரியாகக் காயாததைக் காயவைத்துத் தராது. ஆக்சிஜனை உறிஞ்சுகிற பொட்டலம் வேறு, அதற்குள் இருப்பது இரும்புத் தூள். அது வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் தேவை என்பதால் இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் சாப்பிடுவதற்கு இரண்டுமே வேண்டாம், ஃப்ரீசர் போதும். ஆனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். சூடு ஆறும் வரை பொறுப்பதுபோலக் குளிர் ஆறும் வரை பொறுங்கள், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். பொட்டலத்தை ஒருவேளைக்கு ஒன்றாகக் கட்டித் தேதி எழுதிவிடுங்கள்.

கேள்வி: அசைவம் காயவைக்க முடியுமா அக்கா? கருவாடு கட்டிக்கொண்டு போனால் போதாதா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: துறைமுகத்துக்காரர் கேட்கிற கேள்விதான். கருவாடு கெடாது, ஆனால் அந்த வாடைக்குக் காட்டில் யார் விருந்துக்கு வருவார்கள் என்று சொல்ல முடியாது. கூட வருகிறவர்களும் கூடாரத்தைத் தள்ளிப் போடுவார்கள்.

கொழுப்பில்லாத மட்டன் கொத்துக்கறியைக் குக்கரில் நன்றாக வேகவைத்து, மிதக்கிற கொழுப்பை வடித்து, வெந்நீரில் அலசி, 70 டிகிரியில் மணல்போல உதிரும் வரை காயவையுங்கள். கிளம்பும் நாள் வரை ஃப்ரீசரில் இருக்கட்டும். முட்டை வேண்டாம்.

கேள்வி: ஜவ்வாது மலையில் ஒருநாள் ட்ரெக்கிங் போகிறோம். என்ன காயவைக்கலாம் ஆன்ட்டி?
- கல்லூரி மாணவர், பண்ருட்டி

பதில்: ஒன்றும் வேண்டாம் தம்பி. ஒருநாளைக்கு எதற்கு இந்தப் பாடு? காட்டில் அடுப்பு மூட்டவும் விடமாட்டார்கள். 2018 குரங்கணித் தீயை நினைத்துப் பார்த்தால் அது நியாயம்தான். அம்மாவிடம் புளியோதரை கேட்டு வாழை இலையில் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் முந்திரி ஒரு கைப்பிடி, தண்ணீர் தாராளமாக.