பாக்டீரியா பட்ட செல்களில் வைரஸ் பெருகாதது ஏன்?

வெப்பத்தால் கொன்ற ஈ.கோலை பாக்டீரியாவுடன் ஓர் இரவு வைத்த மேக்ரோபேஜ்களில் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்களில்) மட்டும், பிறகு சேர்த்த வைரஸ் பெருகவில்லை; சேமித்து வைத்த வைரஸ் கெட்டுவிட்டதோ என்று நீங்கள் ஐயப்படுகிறீர்கள். அதற்கு வாய்ப்பில்லை. கெட்டிருந்தால் பாக்டீரியா படாத செல்களிலும் அது பெருகியிருக்காது.

பெரும்பாலும் காரணம், வைரஸைத் தடுக்கச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் புரதம்தான். பாக்டீரியாவின் வெளியுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடை டிஎல்ஆர்4 ஏற்பி உணர்ந்ததும், செல்லுக்குள் சைகை கடத்தும் டிரிஃப், ஐஆர்எஃப்3 புரதங்களின் வழியாக இன்டர்ஃபெரான்-பீட்டா சுரந்து, அருகிலுள்ள செல்களையும் வைரஸ் வருமுன்பே எச்சரித்துவிடுகிறது. செல் பார்ப்பது பாக்டீரியாவை. தயாராவதோ வைரஸுக்கும் சேர்த்து.

இதை உறுதிசெய்ய, பாக்டீரியாவைச் சேர்ப்பதற்கு முன் இன்டர்ஃபெரான் ஏற்பியை மறிக்கும் எதிர்ப்பொருளை ஒரு தட்டில் மட்டும் இட்டுப் பாருங்கள். அங்கே வைரஸ் மீண்டும் பெருகினால் ஐயம் தீர்ந்தது. செல்கள் வளர்ந்த திரவ ஊடகத்தை மட்டும் புதிய செல்களுக்கு மாற்றிப் பார்க்கும் பழைய முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாத லிப்போபாலிசாக்கரைடும் கூடவே போய்விடுவதால், விளைவு எதனுடையது என்று பிரித்தறிய முடியாது.

ஆனால் இதைக் கொண்டு, பாக்டீரியத் தொற்று உடலை வைரஸிலிருந்து காக்கும் என்று எழுதிவிடாதீர்கள். நீண்ட நேரம் லிப்போபாலிசாக்கரைடு பட்ட மேக்ரோபேஜ்கள் மந்தமாகிவிடுவதுண்டு. பாக்டீரியாவும் வைரஸும் சேர்ந்த தொற்று உடலில் பெரும்பாலும் கேடாகவே முடிகிறது. 1918 இன்ஃபுளூயன்சாவில் இறந்தவர்களுள் மிகப் பலரைக் கொன்றது பின்தொடர்ந்த பாக்டீரிய நிமோனியாவே.