போர் நடக்கும் நாடுகளில் ‘லாஜிஸ்டிக்ஸ் கிளஸ்டர்’ என்ன செய்கிறது?

பல நிவாரண அமைப்புகள் ஒரே கிடங்கையும் விமானத்தையும் படகையும் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் ஏற்பாடுதான் இது. ஐ.நா. 2005-இல் கொண்டுவந்த சீர்திருத்தத்தில் உருவானது. ஐ.நா.வின் உணவு உதவி அமைப்பான உலக உணவுத் திட்டம் தலைமை தாங்குகிறது.

ஏன் தேவை? தெற்கு சூடானைப் பாருங்கள். மழைக்காலம் வந்துவிட்டால் மண்பாதைகள் சேறாகி, நாட்டின் பெரும்பகுதிக்கு லாரியே போகாது. தலைநகர் ஜூபாவிலிருந்து மலக்கால் நகருக்குச் சரக்கு போக நைல் நதிப் படகு, இல்லையென்றால் விமானம். நாலு பெட்டி மருந்து வைத்திருக்கும் சிறிய அமைப்பு தனி விமானம் பிடிக்க முடியுமா? தக்காளி விளைவித்த நாலு பேர் ஒரே வேனில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்புவதைப் போலத்தான் இதுவும். அப்புறம், இருக்கிற கொஞ்ச வண்டிகளுக்கு எல்லா அமைப்புகளும் போட்டி போட்டால் வாடகை ஏறும். அந்தக் கூடுதல் பணம் பசித்தவர்களுக்குப் போயிருக்க வேண்டியது. எனக்கு இதுதான் முக்கியக் காரணமாகத் தோன்றுகிறது.

உதவி போக வழிவிடும்படி போரிடும் தரப்புகளிடம் பேசுவது வேறு வேலை, அதில் நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்கும் ஐ.நா.வின் ஓச்சா (OCHA) அலுவலகம் முன்னிற்கும்.

பலர் நினைப்பதுபோல் யாருக்கு எவ்வளவு உதவி என்று இந்தக் கிளஸ்டர் முடிவு செய்வதில்லை: சரக்கு அந்தந்த அமைப்புடையது, பொதுவில் இருப்பது போக்குவரத்தும் கிடங்கும் பாதை பற்றிய தகவலும் மட்டுமே.