அப்பாவின் ரிப்போர்ட்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 67 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை முடிந்து நான்கு வாரம் ஆகிறது. எடுத்த 16 நிணநீர்க் கணுக்களில் இரண்டில் நோய் இருப்பதாக பயாப்ஸி ரிப்போர்ட் சொல்கிறது. அப்பாவிடம் ‘எல்லாம் எடுத்தாயிற்று’ என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். தாங்கமாட்டார். இன்னும் எத்தனை வருடம் இருப்பார்? உணவில் எதைச் சேர்க்கலாம்? உங்கள் குடும்பத்திலும் இந்த நோய் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நான் மருத்துவன் அல்ல, படித்ததைச் சொல்கிறேன். 1988 முதல் 1993 வரை அமெரிக்காவில் 98 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் புராஸ்டேட்டை எடுத்திருந்தார்கள். உங்கள் அப்பாவைப் போலவே எல்லோருக்கும் நோய் கணுவுக்குப் பரவியிருந்தது. இந்தப் புற்றுநோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனை உடனே ஒடுக்கியவர்களில் பாதிப்பேர் 13.9 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். நோய் வேறிடம் பரவும்வரையோ தொந்தரவு தரும்வரையோ காத்திருந்தவர்களில் பாதிப்பேர் 11.3 ஆண்டுகளைத் தாண்டினார்கள். இன்றைய ஸ்கேன்களும் மருந்துகளும் வராத காலத்துக் கணக்கு இது. ஒன்றிரண்டு கணுக்களோடு நின்றவர்களின் நிலை மற்றவர்களைவிட மேல் என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. அப்பாவுக்கு இனி ரத்தத்தில் பார்க்கப்போகும் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அந்த எண் வருவதற்குள் வருடத்தை எண்ண உட்காராதீர்கள்.

உணவா? வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடட்டும்.

தாங்கமாட்டார் என்று யார் முடிவு செய்தது? அறுவைக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர். சிறுநீர்க் குழாயோடு வீடு வந்து படுத்தவர் அவர். ரிப்போர்ட் மட்டும் உங்கள் பீரோவில் இருக்கிறது!

சென்ற வாரம் என் பெரியப்பாவின் திதி. அவரை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அவரிடம் ‘சிறுநீரில் கிருமி’ என்றுதான் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோனை ஒடுக்கும் ஊசி. உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வியர்க்கும். மார்பு வீங்கியது. வாழ்நாளெல்லாம் வெற்றுடம்போடு திண்ணையில் உட்கார்ந்தவர், வீட்டுக்குள்ளும் சட்டையைக் கழற்றாமல் இருந்தார். கேட்க ஆளில்லாமல் ஒருநாள் ஊசி வந்த அட்டைப்பெட்டியை மருந்துக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். “இது கேன்சர் ஊசி தாத்தா” என்றான் கடைப்பையன். மூன்று பிள்ளை பெற்றவருக்கு அதைச் சொல்ல ஊரான் வீட்டுப் பிள்ளைதான் வாய்த்தான். அதன்பின் அவர் தன் நோயைப் பற்றிப் பிள்ளைகளிடம் வாய் திறக்கவே இல்லை. தெரியும் என்பதைக்கூடச் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். பெரியப்பா போனபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உங்கள் அப்பாவுக்கும் ஹார்மோனை ஒடுக்கச் சொல்லலாம். ஆசை அடங்கும், எலும்பு மெலியும், களைப்பு வாட்டும். ஊசியா, ஆண் ஹார்மோன் சுரக்கும் விதைகளை எடுத்துவிடுவதா, இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சும் வேண்டுமா, பி.எஸ்.ஏ.யைக் கவனித்தபடி காத்திருக்கலாமா? அவர் உடம்பில் நடக்கப்போவதை அவரைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வீர்கள்? வைட்டமின் ஊசி என்பீர்களா?

தம்பி, நீங்கள் தூங்கவில்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. இந்தப் பயத்தைத் தனியாகச் சுமக்காதீர்கள். உங்களை வளர்த்த மனிதர் அவர்; நீங்கள் அழுதால் உங்களைத் தேற்றவும் அவருக்குத் தெரியும்.

அடுத்தமுறை டாக்டருக்கு எதிர் நாற்காலியில் அப்பா உட்காரட்டும். ரிப்போர்ட் அவர் கையில் இருக்கட்டும். அதற்கு முன்பே வீட்டில் நீங்கள் சொல்லிவிடுங்கள். என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.