பழைய பென்ஸ் வாங்கலாமா? குடியாத்தம் தம்பிக்கு ஒரு பதில்

குடியாத்தத்திலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து நான்கு மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, 2005 மாடல் பென்ஸ் இ கிளாஸ், டீசல், 2,40,000 கிலோமீட்டர் ஓடியது. மூவாயிரம் யூரோ சொல்கிறார்கள். நம்ம ஊரில் ஒரு பெரிய புது பைக் விலைதான். வாங்கிச் சரிசெய்து ஓட்டலாமா? பிற்பாடு ஊருக்குக் கொண்டுபோக முடியுமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது. இந்தியாவில் பழைய காரை இறக்க வேண்டுமென்றால், தயாரித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங்கும் வலது பக்கம் இருக்க வேண்டும். உங்கள் வண்டி இரண்டிலும் தேறாது. குடியாத்தத்துக்குப் போட்டோ மட்டும்தான் போகும்.

ஆசை புரிகிறது தம்பி. நம்ம பக்கத்தில் பென்ஸ் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி டேனரி முதலாளி வீட்டு வாசலில் நிற்பது. ஜெர்மனியில் டாக்ஸியே பென்ஸாக வரும்போது யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும். ஆனால் இந்த வண்டி வேண்டாம். ஸ்டுட்கார்ட் நகருக்குள் யூரோ 4 என்ற பழைய புகை விதி வரையிலான டீசல் கார்களுக்கு 2019 முதல் தடை இருக்கிறது. 2005 டீசல் அதற்குள்தான் வரும். வீட்டு வாசலிலிருந்து எடுக்கவே முடியாத வண்டி மலிவாக வருவதில் ஆச்சரியம் என்ன? இன்னொன்று, உங்கள் வேலூர் லைசென்ஸ் அங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதற்கப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் எழுதிப் பாஸ் பண்ணினால்தான் உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

சரி, பெட்ரோல் வண்டியாகவே பார்ப்போம். பழைய சொகுசுக் காரில் விலை இறங்குவது வண்டிக்கு மட்டும்தான், அதன் சாமான்களுக்கு இறங்காது. புதிதில் ஐம்பதாயிரம் யூரோவுக்கு விற்ற வண்டிக்கு உண்டான உதிரி பாகம்தான் இன்றைக்கும். கூலி அதைவிட மோசம். நான் இப்போது லீவில் காட்பாடி வந்திருக்கிறேன். மச்சான் காருக்குப் புஷ் மாற்ற சத்துவாச்சாரியில் ஒரு ஷெட்டில் நின்றேன். நாள் முழுக்க இரண்டு பேர் வேலை பார்த்து வாங்கிய கூலி, ஜெர்மனியில் ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பதை விடக் குறைவு. அங்கே மணிக்கு நூறு யூரோவைச் சாதாரணமாகத் தாண்டும். "போய் விட்டால் பார்த்துக் கொடுப்பார்" என்ற நம்ம ஊர்க் கணக்கு அங்கே ஓடாது. ஸ்பேனர் பிடிக்க உங்களுக்கு விருப்பம் இருக்க வேண்டும்.

இருக்கிறது என்றால், குறை கண்டுபிடிப்பதில் இருந்து ஆரம்பியுங்கள். சாமான் மாற்றுவது அப்புறம். இந்த வயசு வண்டியில் டேஷ்போர்டில் நான்கைந்து எச்சரிக்கை விளக்கு ஒன்றாக எரிந்தால், குறையைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் சொருகும் முன், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், எஞ்சின் ஓடும்போது 14க்குப் பக்கத்தில் நிற்கும். வோல்ட் குறைந்தால் வண்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு கண்ட்ரோல் யூனிட்டும் (குட்டிக் கம்ப்யூட்டர்) இல்லாத குறையைச் சொல்லும். அதை நம்பி ஏபிஎஸ் சென்சார், கியர்பாக்ஸ் யூனிட் என்று வாங்கிக் குவித்தவர்கள் உண்டு.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டியாக இருந்தால் ராத்திரி நிறுத்தும்போது நான்கு சக்கரத்துக்கும் மேலே மட்கார்டு உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். காலையில் மறுபடி அளந்தால் எந்த மூலை இறங்கியிருக்கிறது என்று தெரியும். அந்த மூலையில் காற்றுப் பை, குழாய் இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்குகிற அதே வேலைதான், குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. பலர் காற்று அடிக்கும் கம்ப்ரசர் போய்விட்டது என்று அதை மட்டும் மாற்றுவார்கள். ஓட்டையால்தான் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி எரிந்தது. ஓட்டையை விட்டுவைத்தால் புதுசும் எரியும்.

ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கில் வண்டி திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொண்டால் கியர்பாக்ஸ் செத்தது என்று பயப்பட வேண்டாம். கியர்பாக்ஸில் வயர் சொருகும் 13 பின் கனெக்டரின் ரப்பர் வளையம் வயசானால் கசியும். எண்ணெய் வயருக்குள்ளேயே ஏறிக் கண்ட்ரோல் யூனிட் வரை போகும். அந்த யூனிட்டின் பிளக்கைக் கழற்றினால் பின்களில் சிவப்பு எண்ணெய் மினுங்கும். கனெக்டர் விலை சில பத்து யூரோ. பின்களைத் துடைத்து, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

தொடவே கூடாத ஒன்று: இந்த இ கிளாஸில் 2006 நடுவில் மாடல் மாறும் வரை எஸ்பிசி என்ற எலக்ட்ரானிக் பிரேக் இருந்தது. 2004லும் 2005லும் லட்சக்கணக்கான வண்டிகளை கம்பெனி திரும்ப அழைத்துச் சரிபார்த்த பிரேக் அது. எத்தனை தடவை பிரேக் மிதித்தீர்கள் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை தீர்ந்தால் சிவப்பு விளக்கு. பிரேக் பேட் மாற்றும் முன் ஸ்கேனர் வழியாக அதை முடக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கை வைத்திருக்கும்போது யாராவது கார்க் கதவைத் திறந்தாலே பிரஷர் ஏறி விரலை நசுக்கிவிடும். யூடியூப் பார்த்து இதில் இறங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், 2006 மாற்றத்துக்கு அப்புறம் வந்த நாலு சிலிண்டர் பெட்ரோல், சாதாரண ஸ்பிரிங் சஸ்பென்ஷன். எஸ்பிசி தொல்லை இல்லை, காற்றுப் பை இல்லை. அந்த வருஷத்து வி6 பெட்ரோல் ஓட்ட அருமையாகத்தான் இருக்கும். ஆனால் சிலவற்றில் எஞ்சின் அதிர்வை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பல் தேயும். அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும், பில் வண்டி விலையைத் தாண்டும்.

பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் முதல் சில நொடி கரகரவென்று சத்தம் வந்தால் எஞ்சினுக்குள் வால்வுகளை ஓட்டும் டைமிங் செயின் நீண்டிருக்கலாம். ஜாக்கி வைக்கும் இடங்களை விரலால் அழுத்திப் பாருங்கள். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு அங்கேதான் தின்னும். கிலோமீட்டர் உண்மையா என்பதற்கு டிரைவர் சீட்டின் ஓரமும் ஸ்டியரிங் தோலும் சாட்சி. தோல் எவ்வளவு உழைத்திருக்கிறது என்று நம்ம மாவட்டத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ட்யூஃப் என்கிற கட்டாய வண்டிச் சோதனையைப் புதிதாக முடித்த வண்டி நல்லது. ஆனால் அது பிரேக், லைட், துரு, புகை பார்க்கும், கியர்பாக்ஸின் ஆயுளைச் சொல்லாது. டீலரிடம் வாங்கினால் பழைய வண்டிக்கும் சட்டப்படி குறைந்தது ஒரு வருஷப் பொறுப்பு உண்டு. தனியாரிடம் பெரும்பாலும் "பார்த்தபடி வாங்கியது" என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள்.

வாங்கினால் முதல் செலவு பிரேக், டயர், ஸ்டியரிங் மூட்டுகளுக்கு. அப்புறம் கசிவுகள். பாலிஷும் சீட்டும் கடைசியில். குடியிருப்பு பார்க்கிங்கில் எண்ணெய் மாற்றினால் அபராதம் வரலாம். மணிக்கணக்கில் லிஃப்டை வாடகைக்குத் தரும் மீட்வெர்க்ஷ்டாட் நிறைய இருக்கின்றன, டூல்ஸும் அங்கேயே கிடைக்கும். வேலைக்குப் போக ரயில் பாஸ் கையில் இருக்கட்டும், ஏனென்றால் திங்கட்கிழமை காலையில் இந்த வண்டி லிஃப்டின் மேலே இருக்கலாம்.

வேறு வண்டி கண்ணில் பட்டால் சேஸிஸ் நம்பரை மட்டும் அனுப்புங்கள். எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எஸ்பிசி உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன். பதினைந்தாம் தேதி வரை காட்பாடியில்தான் இருப்பேன்.