சின்ன வயதில் பார்த்த அனிமே: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் ஒன்றையே சுற்றி வருகின்றன: “அன்று பார்த்ததும் இன்று கிடைப்பதும் ஒன்றுபோல இல்லையே, என் ஞாபகம்தான் பிசகா?” பெரும்பாலும் ஞாபகம் பிசகவில்லை. அன்று நீங்கள் பார்த்த பிரதியே வேறு.

கேள்வி: மைதானம் முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போகும், உதைத்த பந்து முட்டைபோல நசுங்கிப் பறக்கும். சிறுவயதில் பார்த்த கால்பந்து அனிமே இது. நாயகன் பெயர் மஜீத் என்று எனக்கு நினைவு. வேறு நாட்டில் வளர்ந்த என் அத்தை மகன் ஆலிவர் என்கிறான். இரண்டும் ஒரே தொடரா? பெயர் தெரியாத தொடரைக் கண்டுபிடிக்க என்ன வழி?

ஒரே தொடர்தான். இருவர் சொல்வதும் சரி. யோயிச்சி தகஹாஷி 1981இல் வரையத் தொடங்கிய ‘கேப்டன் சுபாசா’ மங்காதான், அதாவது ஜப்பானியப் படக்கதைதான், மூலம். 1983 முதல் 1986 வரை 128 எபிசோடுகளாக வந்த அனிமே, அரபியில் ‘கேப்டன் மஜீத்’ ஆனது. ஸ்பானிஷ் டப்பிங்கில் சுபாசா ஆலிவர் ஆனான், கோல்கீப்பர் வகபயாஷி பென்ஜி ஆனான். இத்தாலிக்குப் போனபோது ஆலிவர் ‘ஹாலி’ ஆகிவிட்டான்.

எனவே பெயரை வைத்துத் தேடலைத் தொடங்காதீர்கள். டப்பிங்கில் முதலில் மாறுவது பெயர்தான். அடுத்து மாறுவது பாட்டு. மாறாமல் நிற்பது படமும் சம்பவமும். ஒரு தாளில் நினைவில் உள்ள மூன்று காட்சிகளை எழுதுங்கள். ‘சண்டை போட்டார்கள்’ என்று எழுதினால் பயன் இல்லை. ‘ஒற்றைக் கண் மறைத்த வில்லன், சிவப்புக் கழுகு வடிவக் கப்பல்’ என்பதுபோல எழுத வேண்டும்.

பிறகு காலத்தைக் குறுக்குங்கள். படம் சதுரத்தை ஒட்டிய 4:3 அளவா, அகலமான 16:9 அளவா? அசையப்போகும் கதவோ கல்லோ பின்னணி ஓவியத்தைவிட வெளிறித் தட்டையாக, அசைவதற்கு முன்பே காட்டிக்கொடுத்ததா? படத்தில் தூசுப் புள்ளிகள் துள்ளினவா? அப்படியானால் அது செல்லுலாய்டு தாளில் கையால் வண்ணம் பூசிய காலத்துத் தொடர். 1990களின் இறுதியில் தொடங்கிய கணினி வண்ணம், 2000களின் முதல் சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. டைட்டில் ஓடும்போது கடல்குதிரைச் சின்னம் பார்த்த நினைவு இருந்தால் அது தட்சுனோகோ நிறுவனத்தின் படைப்பு. இந்த ஒரு தகவலே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஐரோப்பியப் பெயருள்ள குழந்தை, அனாதை வாழ்க்கை, கூடவே ஒரு பிராணி, நிதானமான கதை என்றால், அது அனிமே என்றே உங்களுக்குத் தோன்றியிருக்காது. அப்படிப்பட்ட நினைவுக்கு நிப்பான் அனிமேஷனின் ‘உலக இலக்கிய அரங்கு’ வரிசையைப் பாருங்கள். மேலைநாட்டுச் சிறுவர் நாவல்களை எடுத்து, நாவலுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு, ஐம்பதை ஒட்டிய எபிசோடுகள் என்று வந்தவை. 1975இல் வந்த ‘ஃபிளாண்டர்ஸ் நாய்’ 52 எபிசோடுகள். 1979இல் வந்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ 50. பலர் நினைவில் வைத்திருக்கும் ‘ஹைடி’ அதற்கும் முன்பு, 1974இல், இசாவோ தகஹாத்தா இயக்கியது. 1989இல் தொடங்கிய 52 எபிசோடு ‘ஜங்கிள் புக்’ தொடரும் நிப்பான் அனிமேஷன் தயாரித்ததே.

கையில் ஒரு ஸ்கிரீன்ஷாட் இருந்தால் ‘ட்ரேஸ் மோ’ தேடுபொறியில் போடுங்கள். கறுப்புப் பட்டைகளை வெட்டி நீக்கிவிட்டு முழு ஃபிரேமையும் கொடுக்க வேண்டும். முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தாலோ, இடவலம் திருப்பிய படத்தைக் கொடுத்தாலோ தவறான விடைதான் வரும்.

கேள்வி: தொடரின் ஓபனிங் பாட்டு அப்போது துள்ளலாக இருந்தது. டிஸ்க்கில் கேட்டால் மந்தமாக, சுருதி இறங்கி இருக்கிறது. வயதாகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறதா?

இல்லை. உங்கள் காதுதான் சரி. ஃபிலிமில் எடுத்த அனிமே நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இருந்த ‘பால்’ (PAL) முறை தொலைக்காட்சி நொடிக்கு 25 ஃபிரேம். அந்த ஒரு ஃபிரேம் வித்தியாசத்தைச் சரிக்கட்ட, பால் முறை நாடுகளில் படத்தையே 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக வேகப்படுத்தி ஓட்டுவது வழக்கம். 90 நொடிப் பாட்டு 86 நொடியில் முடிந்துவிடும். கூடவே சுருதியும் ஏறும். ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையில் உள்ள தூரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. டிஸ்க்கில் இருப்பது அசல் வேகம்.

அன்று கேட்டதுபோலவே கேட்க வேண்டுமா? ஆடாசிட்டி மென்பொருளில் பாட்டைத் திறந்து, வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே மாற்றும் வசதியில் 1.042 என்று கொடுங்கள். வேகத்தை மட்டும் மாற்றும் வசதியைத் தொட்டால் சுருதி ஏறாது, நினைவில் உள்ள பாட்டும் வராது. விஎல்சி பிளேயரில் வேகத்தைக் கூட்டிக் கேட்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அது இயல்பாகவே சுருதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆடியோ அமைப்பில் அந்த ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’ குறியை எடுத்துவிடுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். டப்பிங்குக்காகப் பாட்டையே புதிதாகப் பாடியிருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது. அப்போது பின்னணி இசையை ஒப்பிடுங்கள். ஜப்பானின் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி (NTSC) டேப்பிலிருந்து நேரடியாக மாற்றிய பிரதியாக இருந்தால் வேகம் மாறியிருக்காது. அதற்கு அடையாளம், அசைவுக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும்போது சில ஃபிரேம்களில் இரண்டு படங்கள் நிழல்போல ஒன்றன்மேல் ஒன்று தெரியும்.

கேள்வி: தாத்தா காலம், பேரன் காலம் என்று மூன்று தலைமுறை ரோபோ யுத்தம் ஓடிய ‘ரோபோடெக்’ பார்த்து வளர்ந்தேன். அது ஒரே கதை இல்லை என்கிறார்களே?

ஜப்பானில் அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று தொடர்கள்: ‘மேக்ராஸ்’ 36 எபிசோடு, ‘சதர்ன் கிராஸ்’ 23, ‘மோஸ்பியாடா’ 25. அமெரிக்காவில் தினமும் ஒளிபரப்ப வாரம் ஐந்து வீதம் 13 வாரத்துக்குக் குறைந்தது 65 எபிசோடுகள் வேண்டும். தனியே நின்றால் மூன்றில் ஒன்றுகூடத் தேறாது. அதனால் வசனத்தை மாற்றி எழுதி, உறவுமுறைகளை உண்டாக்கி, இணைப்புக்காக ஓர் எபிசோடையும் சேர்த்து, 1985இல் 85 எபிசோடுகளாகக் கோத்தார்கள். அசலைப் பார்க்க விரும்பினால் ‘மேக்ராஸ்’ போதும், அதுதான் மூன்றிலும் உறுதியான படைப்பு. ஆனால் நீங்கள் வளர்ந்த கதை ரோபோடெக்தான். அதைப் போலி என்று தள்ள வேண்டியதில்லை. தலைமுறைக் கதை என்ற எண்ணமே அந்தத் தொகுப்பில்தான் பிறந்தது.

கேள்வி: டோரேமான் பேட்டரி தீர்ந்து நின்றுபோக, நோபிட்டா வளர்ந்து விஞ்ஞானியாகி எழுப்புவதாகக் கடைசி எபிசோட் பார்த்த ஞாபகம். எங்கு தேடியும் இல்லை.

அந்தக் கதை ரசிகர்கள் உருவாக்கியது. வாய்மொழியாகப் பரவி, 2005இல் ரசிகர் வரைந்த சிறு நூலாகவும் வந்தது. டோரேமானைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோவின் 45 மங்கா தொகுதிகளில் அது கிடையாது. 1996இல் அவர் மறையும்வரை தொடருக்கு நிரந்தர முடிவு எழுதவில்லை.

ஆனால் அழவைக்கும் பிரிவு ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். 6ஆம் தொகுதியின் கடைசி அத்தியாயத்தைப் படியுங்கள். டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்ப வேண்டும். அவன் நிம்மதியாகப் போகட்டும் என்று நோபிட்டா கருவி எதுவும் இல்லாமல், தனியாக, முரட்டுப் பையன் ஜியானுடன் இரவில் மோதுகிறான். அது 1974இல் வெளிவந்தது. இந்தக் கதைகள் வகுப்புவாரியான சிறுவர் இதழ்களில் வந்தவை. மார்ச்சில் ஒரு வகுப்பு முடிந்து குழந்தைகள் அடுத்த இதழுக்கு மாறிவிடுவார்கள் என்பதால் அப்படியொரு விடைபெறல் பொருந்தியது. அடுத்த அத்தியாயமே 7ஆம் தொகுதியின் முதல் கதை, டோரேமான் திரும்பி வருகிறான். இரண்டையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். 2014இல் வந்த கணினி வரைகலைத் திரைப்படமும் இவ்விரண்டு அத்தியாயங்களையும் எடுத்தாள்கிறது.

கேள்வி: போகேமான் பழைய எபிசோடுகளில் மின்னல் தாக்கும் காட்சி மட்டும் திடீரென்று மங்கிவிடுகிறதே, பிரதி கெட்டுவிட்டதா?

கெடவில்லை, வேண்டுமென்றே மங்க வைத்தது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான எபிசோடில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை வேகத்தில் மாறி மாறி அடித்தன. ஏறத்தாழ 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தொடர் நான்கு மாதம் நின்றது. பிறகு வந்த விதிகள், நொடிக்கு மூன்றுக்கு மேல் பளிச்சிடக் கூடாது, சிவப்பில் கூடுதல் கவனம் வேண்டும் என்றன. பழைய எபிசோடுகளையும் அதற்கேற்பத் திருத்தினார்கள். குழந்தைகளோடு பார்க்கும்போது விளக்கை அணைக்காதீர்கள், திரையிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள்.

கேள்வி: முதன்முதலாக வாங்கிய மங்காவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்து முடிவு தெரிந்துபோனது. கட்டங்களின் வரிசை இன்னும் குழப்புகிறது. என்னிடமுள்ள பழைய பதிப்பில் எல்லோரும் இடக்கையால் வாள் வீசுவது ஏன்?

முதுகு வலப்பக்கம் வருமாறு புத்தகத்தைப் பிடியுங்கள். மேல் வலமூலையில் தொடங்கி இடப்பக்கம் போய், பிறகு கீழே இறங்குங்கள். ஒரு கட்டத்துக்குள் பேச்சுக் குமிழ்களுக்கும் இதே வரிசைதான். குழப்பம் வருவது, வலப்பக்கம் ஒரு நெடிய கட்டமும் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிறு கட்டங்களும் இருக்கும்போது. அப்போது கட்டங்களுக்கு இடையிலான வெற்றிடத்தைப் பாருங்கள். பெரும்பாலான ஓவியர்கள் வரிசைகளைப் பிரிக்கும் கிடைமட்ட இடைவெளியை அகலமாகவும், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைப் பிரிக்கும் செங்குத்து இடைவெளியை ஒடுக்கமாகவும் விடுவார்கள். அகல இடைவெளி வரும்வரை கீழே இறங்காதீர்கள். இடைவெளி வெள்ளைக்குப் பதில் கறுப்பாக இருந்தால் அநேகமாக அது பழைய நினைவுக் காட்சி. நாலு கட்டத் துணுக்கு மட்டும் மேலிருந்து கீழாகப் போகும்.

இடக்கை வாளுக்குக் காரணம் கண்ணாடிப் பதிப்பு. இடமிருந்து வலமாகப் படிப்பவர்களுக்காக ஒவ்வொரு பக்கத்தையும் இடவலம் திருப்பி அச்சிட்டார்கள். 1988இல் ஆங்கிலத்தில் வரத் தொடங்கிய ‘அகிரா’ அப்படித் திருப்பி, வண்ணமும் பூசிய பதிப்பு. திருப்பினால் கோளாறு வாளோடு நிற்பதில்லை. கிமோனோவில் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. பேஸ்பால் கதையில் ஓடுபவன் முதல் பேஸுக்குப் பதில் மூன்றாம் பேஸை நோக்கி ஓடுவான். இதனாலெல்லாம்தான் 2002 முதல் திருப்பாத பதிப்புகள் வேரூன்றின. உங்கள் பழைய பிரதியைத் தூக்கிப் போடாதீர்கள், அந்தக் காலத்து மங்கா வாசிப்புக்கு அது சான்று.

கேள்வி: ‘நருட்டோ’ முதல் தொடரைப் பள்ளி நாட்களில் பாதியில் விட்டேன். மங்காவில் எங்கிருந்து தொடரலாம்?

அனிமேயின் 135ஆம் எபிசோட் மங்காவின் 238ஆம் அத்தியாயத்தோடு முடிகிறது. அதுவரை பார்த்திருந்தால் 239இலிருந்து படியுங்கள். 136 முதல் 220 வரை உள்ளவற்றில் பெரும்பகுதி மங்காவில் இல்லாத ஃபில்லர். வாரம் ஓர் அத்தியாயம் வரையும் ஓவியரை, வாரம் ஓர் எபிசோடில் இரண்டு அத்தியாயம் தின்னும் அனிமே சீக்கிரமே எட்டிப்பிடித்துவிடும். காத்திருக்கும் காலத்தை நிரப்ப எழுதியவையே அவை.

கேள்வி: அப்பா டிவியிலிருந்து பதிவுசெய்து வைத்த விஎச்எஸ் கேசட்டுகள் கிடைத்தன. கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. போட்டுப் பார்க்கலாமா?

போடாதீர்கள். அது பூஞ்சை. டேப்பைப் படிக்கும் பகுதியான பிளேயரின் ஹெட்டில் அடைத்துக்கொள்வதோடு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். முதலில் எல்லாக் கேசட்டிலும் முதுகுப்புறத்தின் ஓரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள், மேலே தப்பித் தவறிப் பதிவாகாது. பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில வாரம் உலரவிடுங்கள். ஈரப் பூஞ்சை அப்பிக்கொள்ளும். உலர்ந்தது பொடியாக உதிரும். துடைக்கும் வேலையை வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு செய்யுங்கள். பஞ்சு உதிராத துணியை டேப்பின் இருபுறமும் லேசாகத் தொடவிட்டு முழுதும் ஒருமுறை சுற்றியெடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு பழைய பிளேயரை ஒதுக்கிவிடுங்கள்.

நல்ல பிளேயரில் போட்டதும் ஓடவிடாமல், கடைசிவரை முன்னோக்கிச் சுற்றி, மறுபடி பின்னோக்கிச் சுற்றுங்கள். ஒட்டிய அடுக்குகள் பிரியும். பாஸ் பொத்தானைத் தொடாதீர்கள். ஒரே இடத்தில் ஹெட் உரசி டேப் தேயும். பால் கேசட்டை 720×576 அளவில், என்டிஎஸ்சி கேசட்டை 720×480 அளவில், தரம் குறையாத ஹஃப்யூவி அல்லது எஃப்எஃப்வி1 வடிவில் பதிவுசெய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பல பத்து ஜிபி இடம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பதிவாகும்போதே டீஇன்டர்லேஸ் செய்துவிட்டால், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் வரிகளை ஒரே படமாகச் சேர்த்துவிட்டால், மெல்லிய கோடுகள் உடைந்துபோகும், திருத்தவும் முடியாது. கார்ட்டூனுக்கு அது தேவையும் இல்லை. என்டிஎஸ்சி பதிவில் 24 ஃபிரேமைத் திரும்ப எடுக்கும் ‘இன்வர்ஸ் டெலிசினி’ முறையைப் பிரதி ஒன்றின் மேல் செய்துபாருங்கள்.

நடுவில் வரும் விளம்பரங்களையும் அறிவிப்புகளையும் வெட்டாதீர்கள். தொடர் எங்கேனும் டிஸ்க்காகக் கிடைத்துவிடும். எந்த ஆண்டு, எந்தச் சேனலில், எந்த டப்பிங்கில் உங்கள் வீட்டுக்குள் வந்தது என்பதற்கான சாட்சி அந்த வெட்டத் தோன்றும் துண்டுகளில்தான் இருக்கிறது.