ஏஜென்ட் ஏன் தப்புத் தப்பா டூலை கூப்பிடுது?
டூல் (ஏஜென்ட் கூப்பிட்டு வேலை வாங்கற சின்ன புரோகிராம்) கோட்ல தப்பே இல்ல, ஆனா ஏஜென்ட் (சொன்ன வேலைய தானா செய்யற ஏஐ) அத ஏடாகூடமா கூப்பிடுதுன்னு கேட்டிருக்கீங்க. ஏஜென்ட்டுக்குள்ள இருக்கற ஏஐ மாடல் பொதுவா உங்க கோடை பாக்காதுங்க, அதுக்குத் தெரியறது டூல் பேரு, டிஸ்கிரிப்ஷன், பாராமீட்டர் (டூலுக்கு உள்ள குடுக்கற தகவல்) விவரம், அம்புட்டுதான். நான் மதுரை பஸ் டைமிங்குக்கு ஒரு டூல் செஞ்சு "பஸ் விவரம் தரும்"னு மட்டும் எழுதி வச்சேன், அது தேனி பஸ்ஸ மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல தேடிட்டு இல்லைன்னு வந்து நின்னுச்சு (ஊருக்குப் புதுசா வர்றவன் பண்றதுதான்). அப்பறம் "தேனி, கோயம்புத்தூர்னா ஆரப்பாளையம், திருச்சி, சென்னைன்னா மாட்டுத்தாவணி, டிக்கெட் போட இது ஆகாது"ன்னு சேத்து, ஸ்டாண்ட் பாராமீட்டர்ல இந்த ரெண்டுல ஒண்ணுதான் வரணும்னு கட்டிப்போட்டேன், சரியாயிருச்சு. எதுக்கு ஆகாதுங்கறத கண்டிப்பா எழுதுங்க, அதத்தான் நெறைய பேரு விட்டுடறாங்க. தேதிக்கு 2025-06-05ன்னு ஒரு உதாரணமும் குடுங்க, வெறும் 05-06ன்னா ஜூன் 5ஆ மே 6ஆன்னு அதுவும் முழிக்கும்.